சாக்கடையில் தொங்கவிட்ட துணி

1937-இன் பிற்பகுதியில் லண்டனுக்குத் தெற்கே உள்ள குராய்டனில் டைபாய்டு பரவியது. ஊருக்குத் தண்ணீர் தரும் கிணறு ஒன்றில் அப்போது பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் உள்ளே இறங்கி வேலை செய்த நாட்களிலும் அந்தத் தண்ணீர் குழாய்களுக்குப் போனது. குளோரின் கலப்பதை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். இறங்கியவர்களில் ஒருவர் முதல் உலகப் போர்க் காலத்தில் டைபாய்டு வந்து பிழைத்தவர். கிருமி அவர் உடம்பை விட்டுப் போகவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. நூற்றுக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தார்கள், 43 பேர் இறந்தார்கள்.

இதற்குப் பிறகு குடிநீரில் குளோரின் கலப்பது இங்கிலாந்தில் பரவலான நடைமுறையானது. கிணறும் குழாயும் காப்பாற்றப்பட்டன. ஆனால் அந்தத் தொழிலாளியைப் போன்றவர்களை என்ன செய்வது?

டைபாய்டு வந்து குணமாகிறவர்களில் நூற்றுக்குச் சிலர் நிரந்தர நோய்தாங்கிகள் ஆகிவிடுகிறார்கள். கிருமி பித்தப்பைக்குள் போய்த் தங்கிக்கொள்கிறது. அங்கே பித்தக்கல் இருந்தால் அதற்கு இன்னும் வசதி. கல்லின் மேல் கோழைப் படலம் போலப் படிந்து, மருந்துக்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் சிக்காமல் வருடக்கணக்கில் வாழும். பித்தநீர் குடலில் இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கிருமியும் சேர்ந்து இறங்கி மலத்தில் வெளியேறும். ஆளுக்குக் காய்ச்சல் இல்லை, பசி குறையவில்லை. அவர் சமையல் செய்பவராகவோ பால் கறப்பவராகவோ இருந்தால் மற்றவர்களுக்குத்தான் ஆபத்து. 1946-இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் ஐஸ்கிரீம் வழியாக டைபாய்டு பரவியதற்கும் ஒரு நோய்தாங்கிதான் காரணம். அடுத்த வருடமே ஐஸ்கிரீம் கலவையைச் சூடாக்கிக் கிருமி நீக்க வேண்டும் என்று விதி வந்தது.

ஒவ்வோர் ஊரிலும் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக ஒரு மருத்துவ அதிகாரி இருந்தார். அவருக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்கள். பெரிய தொற்று என்றால் எல்லாரும் குடித்த பால் எது, சாப்பிட்ட கடை எது என்று விசாரித்தே மூலத்தைப் பிடித்துவிடுவார்கள். தலைவலி தந்தது மற்றொரு வகை: இந்த வருடம் ஒருவருக்கு, எட்டு மாதம் கழித்து வேறொரு தெருவில் இன்னொருவருக்கு. இருவருக்கும் பொதுவாக ஒன்றும் தெரியாது. ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் மலம் வாங்கிப் பரிசோதிக்க எந்த ஆய்வகத்தாலும் முடியாது, ஊராரும் சம்மதிக்க மாட்டார்கள்.

எக்ஸெட்டர் நகரப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் இருந்த பிரெண்டன் மூர் டெவன் பகுதியில் இதே சிக்கலைச் சந்தித்தார். அங்கே தலைகாட்டியது டைபாய்டின் நெருங்கிய உறவான பாராடைபாய்டு. ஆட்களைத் தேடிப் போவதை விட்டுவிட்டு அவர் சாக்கடைக்குள் தேடினார். அந்த முறையை 1948-இல் வெளியிட்டார்.

கருவி என்று பார்த்தால் சிரிப்புதான் வரும். காயத்துக்குக் கட்டும் காஸ் துணி, சுமார் நான்கு அடி நீளம், அரை அடி அகலம். அதைப் பல மடிப்பாக மடித்து நடுவில் கட்டி, மேன்ஹோல் மூடியைத் திறந்து, ஓடும் கழிவுநீரில் தொங்கவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்து, வாயகன்ற பாட்டிலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு பாட்டில் கழிவுநீரை மொண்டு வந்து பார்த்தால் போதாதா? போதாது. ஒரு நோய்தாங்கி நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ கழிப்பறைக்குப் போவார். கிருமி கலந்த அந்தத் தண்ணீர் ஒரு குறிப்பிட்ட மேன்ஹோலைக் கடக்கச் சில நிமிடங்கள்தான் பிடிக்கும். மொள்ளும் நேரத்தில் அது அங்கே இருக்க வேண்டுமே! துணியோ இரவும் பகலும் அங்கேயே கிடக்கிறது. டீ வடிகட்டியில் தூள் தங்குவது போலக் கழிவின் துணுக்குகள் அதன் மடிப்புகளில் தங்கிவிடுகின்றன, அவற்றோடு கிருமியும். இழைகளின் இடைவெளி பாக்டீரியாவை விட மிகப் பெரியது. ஆனாலும் பெரும்பகுதி நழுவிப் போய்ச் சிறு பகுதி ஒட்டினாலே ஆய்வகத்துக்குப் போதும்.

ஆய்வகத்தில் துணியை முதலில் செலினைட் போன்ற உப்பு கலந்த வளர்ப்புத் திரவத்தில் ஊறவைப்பார்கள். குடலில் சாதாரணமாக வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதில் முடங்கிவிடும், டைபாய்டு இனத்துக் கிருமிகள் பெருகும். பிறகு அந்தத் திரவத்தில் ஒரு சொட்டு எடுத்து, பிஸ்மத் சல்ஃபைட் கலந்த அகார் என்ற வளர்ப்புக் கூழ் பரப்பிய தட்டில் தேய்ப்பார்கள். இந்தக் கிருமிகள் சல்ஃபைட்டைச் சல்ஃபைடாக மாற்றிவிடும். அது உலோகத்தோடு சேர்ந்து கறுக்கும். தட்டில் உலோகப் பளபளப்போடு கரும்புள்ளி தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது என்று அர்த்தம்.

இனி வரைபடத்தின் வேலை. ஊர்ச் சாக்கடை கிளை பிரிந்து பிரிந்து வீடுகள் வரை போகிறது. கீழே, எல்லாக் கழிவும் சேரும் இடத்துத் துணியில் கிருமி தென்பட்டால், மேலே முதல் பிரிவுக்குப் போய் இரண்டு கிளையிலும் ஆளுக்கொரு துணி. எதில் கிருமியோ அந்தக் கிளையில் மேலே ஏற வேண்டும், மற்றதை விட்டுவிடலாம். ஒவ்வொரு பிரிவிலும் வீடுகள் சரிபாதியாகக் குறைவதாக வைத்துக்கொண்டால், ஆயிரம் வீட்டிலிருந்து ஒரு வீட்டுக்கு வரப் பத்தே படிகள். நிஜ ஊரில் கிளைகள் அப்படிச் சமமாகப் பிரிவதில்லை. நோய்தாங்கியும் தினமும் கிருமியை வெளியேற்றுவதில்லை, அதனால் ஒரு துணி வெறுமையாக வந்ததை நம்பி ஒரு கிளையைக் கழித்துவிடக் கூடாது. வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். கடைசியில் நான்கைந்து வீடுகள் மிஞ்சும்போது கதவைத் தட்டி மாதிரி கேட்கலாம்.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்துக் குடும்பங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் வீட்டில் குளியல் தொட்டி கிடையாது. கழிப்பறை மட்டும் பெரும்பாலான நகர வீடுகளில் பாதாளச் சாக்கடையோடு இணைந்திருந்தது. இந்த முறை பலித்ததே அதனால்தான்.

பிடிபட்ட கிருமிதான் நோயாளியின் உடம்பில் இருந்ததும் என்று எப்படிச் சொல்வது? பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு, ஃபாஜ் என்பார்கள். எந்த ஃபாஜ் எந்தக் கிருமியைக் கொல்கிறது என்பதை வைத்து ஒரே இனத்துக் கிருமிகளையும் தனித்தனி வகையாகப் பிரிக்கலாம். டைபாய்டுக்கு இம்முறை 1938-இல் வந்தது, பாராடைபாய்டுக்குச் சில ஆண்டுகள் கழித்து. நோயாளியின் கிருமி, துணியின் கிருமி, சந்தேகப்பட்டவரின் கிருமி மூன்றும் ஒரே வகை என்றால் வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

அந்த மனிதருக்கு அது முடிவல்ல. உணவுத் தொழிலை விட வேண்டும். குணமாக அன்று இருந்த வழி பித்தப்பையை வெட்டி எடுப்பது, அதுவும் எப்போதும் பலிப்பதில்லை. எப்சம் அருகே லாங் குரோவ் மனநல மருத்துவமனையில் டைபாய்டு தாங்கிகளான பெண்கள் பல ஆண்டுகள் தனியே வைக்கப்பட்டிருந்தார்கள். கண்டுபிடிப்பதில் இவ்வளவு சாமர்த்தியம் காட்டிய நாடு, கண்டுபிடித்த பிறகு மனிதர்களை நடத்தியதில் அதைக் காட்டவில்லை என்றே எனக்குப் படுகிறது.

1980-களில் சிலி நாட்டின் சாந்தியாகோவில் இதே துணியைப் பாசன வாய்க்கால்களில் போட்டு, காய்கறி வயலுக்குப் பாயும் தண்ணீரில் டைபாய்டு கிருமி இருப்பதைக் காட்டினார்கள். 1991-இல் காலரா வந்த பிறகு அந்தத் தண்ணீரைப் பச்சையாகத் தின்னும் காய்கறிக்குப் பாய்ச்சத் தடை வந்தது, டைபாய்டும் சரிந்தது. அண்மையில் நம் வேலூரில் நடந்த ஆய்வுகளிலும் மூர் துணி சாக்கடையில் இறங்கியிருக்கிறது. இப்போது கரும்புள்ளிக்குக் காத்திருப்பதில்லை, கிருமியின் டிஎன்ஏவைத் தேடுகிறார்கள். ஒரு குறை மட்டும் அன்று போலவே இன்றும்: துணி வழியே எத்தனை லிட்டர் ஓடியது என்று யாரும் அளக்க முடியாததால், கிருமி இருக்கிறதா என்று அது சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது.