மாதிரிப் பள்ளியில் சேர்க்கும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், பென்னாகரம், அரூர், அஞ்செட்டி பக்கம் நன்றாகப் படிக்கும் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "நவோதயா பள்ளி நம்ம மாவட்டத்துல எங்க இருக்கு?" என்பதுதான். மத்திய அரசு நடத்தும் உறைவிடப் பள்ளியான அது இங்கே எங்கும் இல்லை. தமிழ்நாட்டிலேயே இல்லை. எல்லையைத் தாண்டி கர்நாடகத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நவோதயா ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளை, அந்தப் பள்ளி இருக்கும் மாவட்டத்திலேயே வசித்து, அங்கேயே ஐந்தாம் வகுப்பு படிக்க வேண்டும். எல்லையோரத் தளியில் படித்துக்கொண்டு கர்நாடக மாவட்டம் எதற்கும் விண்ணப்பிக்க வழியில்லை.

நமக்கு இருப்பது தமிழ்நாடு அரசின் மாதிரிப் பள்ளி. 2021-22இல் சில மாவட்டங்களில் தொடங்கியது, இப்போது மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தங்குவது, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். ஜேஇஇ, நீட் போன்ற தேர்வுகளுக்கும் அங்கேயே பயிற்சி. பின்னணி இவ்வளவு போதும்.

இது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. சம்பளம் கட்டவில்லை, சத்துணவு போடுகிறார்கள், அதனால் கவர்ன்மெண்ட் ஸ்கூல்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய. பள்ளிப் பெயர்ப் பலகையை ஒருமுறை நின்று படியுங்கள். "உதவி பெறும்" என்று இருந்தால் கணக்கே வேறு.

இந்தக் கணக்கு மாதிரிப் பள்ளியோடு முடிவதில்லை. பிள்ளையை விடுதியில் விட்டு எதற்காகப் படிக்க வைக்கிறீர்கள்? மருத்துவம், பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இருக்கும் 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்றுதானே. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்கத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ போயிருந்தாலும் போச்சு; கல்வி உரிமைச் சட்ட (ஆர்டிஇ) இலவச இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. கடைசி நான்கு வருடம் மாதிரிப் பள்ளியில் படித்தது மட்டும் காப்பாற்றாது.

நம் மாவட்டத்துக்காரர்கள் இதில் அதிகம் மாட்டுவது பெங்களூரால். கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். பிள்ளை அங்கே அரசுப் பள்ளியில் ஆறும் ஏழும் படிக்கிறது. அப்புறம் ஊருக்குத் திரும்பி எட்டில் சேர்கிறது. அதுவும் அரசுப் பள்ளிதானே என்று பெற்றோர் நம்பிக்கொண்டிருப்பார்கள். கர்நாடக அரசுப் பள்ளி இந்தக் கணக்கில் வராது. இதைச் சேர்க்கும் நாளில் சொல்ல எந்த அலுவலகத்துக்கும் வாய் வருவதில்லை, கவுன்சலிங் நேரத்தில்தான் சொல்கிறார்கள். ஆகவே வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை ஆறாம் வகுப்பு ஏறும்போதே பாட்டி வீட்டிலோ அரசு விடுதியிலோ விட்டுவிட்டுப் போக முடியுமா என்று பாருங்கள்.

கல்லூரிப் படிப்புக்கு உதவும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதைக் காட்டி, "அது கிடைக்குதே, 7.5-உம் கிடைக்கும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

மாதிரிப் பள்ளியில் சேரும்போது இன்னொன்று கைநழுவலாம். எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வான என்எம்எம்எஸ்ஸில் தேறிய பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் வரும். ஆனால் மாநில அரசு தங்குமிடமும் உணவும் தந்து நடத்தும் உறைவிடப் பள்ளி மாணவர்களுக்கு அது கிடையாது என்று அந்தத் திட்டத்தின் விதி சொல்கிறது. விடுதிப் படிப்பு அதைவிடப் பெரிது என்பதுதான் என் எண்ணம். இருந்தாலும் தெரிந்தே விடுவது வேறு, பின்னால் தெரிந்து ஏமாறுவது வேறு.

விடுதிக்குப் போகாத பிள்ளைகள் இந்தப் பணத்தை இழப்பது எப்படி என்று கேளுங்கள். நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்து, உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதில் சேர்ந்திருக்கும். புதிய பள்ளியில், "அங்கதானே எழுதின, அங்கயே போய்ப் பதிவு பண்ணு" என்பார்கள். பழைய பள்ளியில், "எங்க லாகின்ல வராதும்மா" என்பார்கள். இப்படி அலைவதற்குள் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் கடைசித் தேதி முடிந்துவிடும். பதிவு செய்ய வேண்டியது இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பள்ளியில்தான். அடுத்தடுத்த வருடங்களில் புதுப்பிக்கவும் வேண்டும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். பிள்ளை பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்பதாம் வகுப்புக்கு ஒன்று உண்டு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர், வருடம் 1,000 ரூபாய். தொகை சின்னது, தடை பெரிது. வீடு கிராமத்தில் இருந்தால் போதாது, பள்ளியும் ஊரகப் பகுதியில் இருக்க வேண்டும். தருமபுரி நகராட்சிக்கோ ஓசூர் மாநகராட்சிக்கோ பஸ் ஏறிப் போய்ப் படித்தால் எழுத முடியாது. வருமானமும் வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. என்எம்எம்எஸ்-க்கு அதுவே மூன்றரை லட்சம். வருமானச் சான்றிதழில் கூலி வேலை செய்பவருக்கும் சில சமயம் யோசிக்காமல் 1,20,000 என்று எழுதிவிடுகிறார்கள். வி.ஏ.ஓ. விசாரிக்கும்போதே என்ன தொகை போடுகிறார் என்று கேளுங்கள். கையெழுத்தாகி வந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.

சித்தேரி, வத்தல்மலை பக்கத்துக்காரர்களுக்கு: பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் தாசில்தார் தருவதல்ல, கோட்டாட்சியர் தருவது. தருமபுரிக்காரர்களுக்கு தருமபுரி அல்லது அரூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு கிருஷ்ணகிரி, ஓசூர் என்றால் சார் ஆட்சியர். இ-சேவையில் 60 ரூபாயில் விண்ணப்பம் போடலாம், ஆனால் விசாரணை இழுக்கும். அப்பாவின் பழைய டி.சி.யில் சாதிப் பெயர் வேறு மாதிரி இருந்தால் இன்னும் இழுக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திராமல் ஆறிலேயே போடுங்கள்.

மாதிரிப் பள்ளிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது பள்ளி வழியாகத்தான், பெற்றோர் நேராகப் போய்ச் சேர்த்துவிட முடியாது. அதனால் எட்டாம் வகுப்பு முடியும் முன்பே ஹெச்.எம்.மைப் பார்த்து, எங்கள் பிள்ளைக்கு விருப்பம் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பெயர், பிறந்த தேதி, சாதி எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். "லிஸ்ட் இன்னும் வரல" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனுவுக்கு எண் போட்ட ரசீது வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.