வேம்பில் பட்ட காயம் மூடும், தென்னையில் பட்டது மூடாது

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தோப்புகளில் காயமில்லாத தென்னையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஏறுவதற்குக் கொத்திய படி, மோட்டார் ஒயரைத் தாங்க அடித்த ஆணி, ரோட்டவேட்டர் உரசிய தடம், மாடு கட்டிய சங்கிலி அறுத்த வளையம் என்று ஏதாவது ஒன்று தண்டில் இருக்கும். பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனைக்குப் போகும் இடத்தில் இதைச் சுட்டிக்காட்டினால் வருகிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான். “நம்ம கால்ல அரிவாள் பட்டாலே பத்து நாள்ல ஆறிடுது. இது மரம், ஆறாதா சார்?”

ஆறாது. ஏன் என்று தெரிந்துகொள்ள ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் படித்த திசுப் பாடத்தைக் கொஞ்சம் தூசி தட்ட வேண்டும்.

காலில் வெட்டுப்பட்டால் முதலில் இரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. ஓரங்களில் இருக்கும் எபிதீலியத் திசுவின் செல்கள் பிரிந்து, நகர்ந்து வந்து மேலே தோலை மூடுகின்றன. அடியில் இணைப்புத்திசு கொலாஜன் நார்களைப் போட்டுப் பள்ளத்தை நிரப்புகிறது. அதுதான் தழும்பு. நம் உடம்பிலும் எல்லாத் திசுவும் இப்படி ஆறுவதில்லை. முழங்கால் குருத்தெலும்பில் இரத்தக்குழாயே கிடையாது, தேய்ந்தால் தேய்ந்ததுதான். தண்டுவட நரம்புத்திசு அறுந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, ஒரு காயம் ஆறுமா என்பது அங்கே எந்தத் திசு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தாவரத்தில் ஓடிவந்து அடைக்க இரத்தம் இல்லை. ஒவ்வொரு செல்லும் செல்லுலோஸ் சுவருக்குள் அடைபட்டிருக்கிறது, இடம்விட்டு நகராது. அப்படியிருந்தும் வேம்பும் மாவும் புளியும் காயத்தை மூடுகின்றனவே? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய ஆக்குத்திசு இருப்பதுதான் காரணம். ஆக்குத்திசு என்றால் ஓயாமல் பிரியக்கூடிய செல்கள். இந்த கேம்பியம் உள்பக்கம் சைலத்தையும் வெளிப்பக்கம் ஃப்ளோயத்தையும் புதிது புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்கிறது. சைலம் வேரிலிருந்து நீரை மேலேற்றும். ஃப்ளோயம் இலையில் தயாரான சர்க்கரையைக் கீழே கொண்டுவரும். மரம் பருப்பதும் காயத்தின் ஓரத்திலிருந்து புதுக்கட்டை உதடுபோல் வளர்ந்து மூடுவதும் இந்த ஒரு திசுவின் வேலை.

மூடுகிறது என்றுதான் சொன்னேன், ஆறுகிறது என்று சொல்லவில்லை. அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து 1970களில் இதை விளக்கினார். மரம் பழைய காயத்தைச் சரிசெய்வதில்லை. அழுகல் பரவாதபடி சுற்றிலும் தடுப்பு எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்துகொள்கிறது. உள்ளே பொந்து விழுந்த புளியமரம் பல பத்தாண்டுகள் காய்ப்பதும் இதனால்தான். நடுக்கட்டை ஏற்கெனவே உயிரற்றது, உயிருள்ள பகுதி ஓரத்தில் இருக்கிறது. அதே மரத்தின் பட்டையைச் சுற்றிலும் ஒரு வளையமாக உரித்துவிடுங்கள், ஃப்ளோயம் அறுந்து வேர் பட்டினி கிடந்து மரம் செத்துவிடும்.

தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு கேம்பியம் கிடையாது, உண்மையான பட்டையும் கிடையாது. சைலமும் ஃப்ளோயமும் சேர்ந்த கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கற்றைக்கும் ஸ்கிளிரன்கைமா நார் உறை. அவற்றைச் சுற்றி மெத்தென்ற பாரன்கைமா. கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டிய மாதிரி. ஓரத்தில் கற்றைகள் நெருக்கமாக இருப்பதால் கெட்டியான வைரம் வெளிப்பக்கம், மென்மையான சோறு உள்பக்கம். தொல்காப்பிய மரபியல் இந்த வேறுபாட்டை வைத்தே உள்வைரம் உள்ளவற்றை மரம் என்றும் வெளிவைரம் உள்ளவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. தாவரவியலும் தென்னையைப் புல்லுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறது.

இதன் விளைவுதான் முக்கியம். தென்னை இளமையில் அடித்தண்டின் பருமனை முடிவுசெய்துவிட்டுத்தான் உயரவே தொடங்குகிறது. அதற்குப் பிறகு தண்டின் எந்த இடத்திலும் புதுக்கட்டை சேராது. வறட்சி ஆண்டில் உருவான பகுதி ஒடுங்கியிருந்தால் பிறகு எத்தனை நல்ல மழை பெய்தாலும் அந்த ஒடுக்கம் அப்படியே நிற்கும். அறுபது வயதுத் தென்னையின் அடித்தண்டில் சர்க்கரையைக் கடத்துகிற சல்லடைக்குழாய்கள், அந்த மரம் பிள்ளையாக இருந்தபோது உருவானவை. மாற்று கிடையாது. உளி கொத்தி எடுத்த படியில் எத்தனை கற்றை அறுந்ததோ, அத்தனையும் போனது போனதுதான். கற்றைகள் சிதறியிருப்பதால் மற்றவை வேலையை ஏற்றுக்கொள்ளும், மரம் சாகாது. ஆனால் பள்ளம் மூடாது. வாய் திறந்தே இருக்கும்.

அந்த வாய்க்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வருகிறது. காயத்தில் கசியும் சாறு புளிக்கும் வாடை அதற்கு அழைப்பு. பெண் வண்டு காயத்திலும் பிளவிலும் முட்டையிடும். புழு உள்ளே மென்மையான திசுவைத் தின்றபடி சுரங்கம் போடும். துளையிலிருந்து பழுப்புச் சாறு வடிவது, மென்று துப்பிய நார் வெளியே தள்ளுவது, தண்டில் காதை வைத்தால் மெல்லும் சத்தம் கேட்பது, இவை நமக்குக் கிடைக்கிற துப்பு. மேல்மட்டைகள் வாடித் தொங்கிய பிறகு கூப்பிட்டால் பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. காரணம் மறுபடியும் திசுதான். தென்னைக்கு உயரம் தருகிற நுனி ஆக்குத்திசு ஒன்றே ஒன்று, குருத்தின் அடியில். அது அழுகினால் பக்கவாட்டில் துளிர்க்க வேறு மொட்டு இல்லை. முருங்கையை வெட்டினால் நாலு கிளை வரும், தென்னையில் வராது.

காண்டாமிருக வண்டும் இதில் கூட்டாளி. விரியாத குருத்தைக் குடைந்துவிட்டுப் போகும், மட்டை விரியும்போது விசிறி மாதிரி வெட்டு தெரியும். அது போட்ட ஓட்டையைக் கூன்வண்டு பயன்படுத்திக்கொள்ளும். மேல் மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வைப்பது பழைய முறை. இன்றும் நான் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கள்ளுக்கும் பதநீருக்கும் பாளை சீவுவது காயம் இல்லையா என்று சிலர் மடக்குவார்கள். நல்ல கேள்வி. சீவப்படுவது பாளையின் ஃப்ளோயம், சொட்டுவது இலையிலிருந்து தேங்காய்க்குப் போயிருக்க வேண்டிய சர்க்கரை. சல்லடைக்குழாய்கள் தம்மைத் தாமே அடைத்துக்கொள்ளப் பார்ப்பதால்தான் தினமும் மெல்லியதாக ஒரு சீவல் எடுக்க வேண்டியிருக்கிறது. பாளை எப்படியும் காய்ந்து உதிரப்போகிற உறுப்பு. தண்டு அப்படியில்லை.

இனி தோப்பில் செய்ய வேண்டியது. படி கொத்துவதை நிறுத்துங்கள், ஏறுவதற்குக் கருவி இருக்கிறது. விளக்கோ ஒயரோ வேண்டுமென்றால் தனிக் கம்பம் நடுங்கள். கீற்றுக்காகப் பச்சை மட்டையை வெட்டாமல் இருப்பது நல்லது. வெட்டியே தீர வேண்டுமானால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும், அப்போது காயம் தண்டிலிருந்து தள்ளியே இருக்கும். மரத்தடியில் சருகு கொளுத்துவது அடித்தண்டின் திசுவை வேகவைப்பதற்குச் சமம். அந்தத் தோல் திரும்ப வராது.

ஏற்கெனவே சாறு வடிகிற காயமானால் அழுகிய திசுவை நல்ல பகுதி தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டு போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம் அரை லிட்டர் தண்ணீரில், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இன்னொரு அரை லிட்டரில். தனித்தனியாக, மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். அரிவாள் நுனியைச் சிறிது நேரம் நனைத்துப் பாருங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. பசை தடவினாலும் பள்ளம் மூடப்போவதில்லை, பூஞ்சையையும் வண்டையும் தள்ளி நிறுத்தும், அவ்வளவுதான். ஆழமான துளைகளை அதன் பிறகு சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம்.

தென்னைக்கான ஊட்டக் கரைசலான டானிக்கை வேரில் கட்டுவது சைலத்தை நம்பித்தான். பென்சில் பருமனுள்ள, செம்பழுப்பான உயிர் வேரைச் சாய்வாக வெட்டிப் பையில் நுழைத்துக் கட்டுகிறோம். இலை நீராவியை விடும்போது எழுகிற இழுவை மருந்தை மேலே கொண்டுபோகும். அதனால் வெயிலடிக்கிற நாளில், மண்ணில் ஈரமிருக்கும்போது கட்டினால் பை சீக்கிரம் காலியாகும். கறுத்துக் காய்ந்த வேரில் கட்டிவிட்டு மருந்து சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு, விழுந்த மரங்களை விட நின்ற மரங்களைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டியிருந்தது. குருத்து திருகிய, மட்டை முறிந்த மரம் பச்சையாகத்தான் தெரியும். புதுக்குருத்து நேராக வருகிறதா என்பதை வைத்துத்தான் நுனி ஆக்குத்திசு பிழைத்ததா என்று சொல்ல முடியும். இழுத்துப் பார்த்தால் குருத்து கையோடு வந்து நாற்றமடித்தால் அந்த மரத்தை விட்டுவிட வேண்டியதுதான். வெட்டிய தண்டைத் தோப்பிலேயே போட்டு வைக்காதீர்கள். மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு குஞ்சு பொரிக்கும், பிளந்து எரிக்கவோ அப்புறப்படுத்தவோ வேண்டும்.