மின்சாரம் போன பிறகும் பேச வேண்டிய வலை

2025 ஏப்ரல் 28 அன்று, ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நண்பகல் வேளையில் மின்சாரம் மொத்தமாக நின்றது. கைபேசிகள் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தன. அப்புறம் டவர்களின் பேட்டரி தீரத் தீர, பல பகுதிகளில் சிக்னலும் காணாமல் போனது. மின் நிறுவனங்களுக்குத் தகவல் தொடர்பு அமைத்துத் தரும் வேலையில் இருக்கிற எனக்கு, அந்தச் செய்தியில் அதிகம் கவலை தந்தது இதுதான். துணைமின் நிலையங்களோடு பேசியே ஆகவேண்டிய நேரமும், பொது நெட்வொர்க் படுத்துவிடும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன.

கணினியும் தகவல் தொடர்பும் சேர்ந்த மின்கட்டமைப்பான ஸ்மார்ட் கிரிட் பற்றிய கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு வேகம் கிடைக்கும்?" என்பதுதான். என் கணக்கில் அது கடைசியில் கேட்க வேண்டியது. செய்தி எவ்வளவு தாமதமானால் ஆபத்து, அது எந்த வழியாகப் போகிறது, மின்சாரமே இல்லாதபோது அந்த வழி எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கும் என்று முதலில் கேட்க வேண்டும். இந்தத் துறையில் முன்பு வேலை செய்தவர்கள் இதை நன்றாகவே கேட்டிருக்கிறார்கள்.

1920களிலேயே உயர் அழுத்த மின்கம்பிகளையே பேசும் கம்பிகளாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஓடும். அதே கம்பியின் மேல் சில பத்து கிலோஹெர்ட்ஸ் முதல் சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலையில் பேச்சும் கட்டளையும் ஓடும். துணைமின் நிலையத்துக்குள் கம்பி நுழையும் இடத்தில் பீப்பாய் அளவுக்கு ஒரு சுருள் தொங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த அலை நிலையத்துக்குள் சிதறிப் போகாமல் தடுப்பது அதுதான். பி.எல்.சி.சி. எனப்படும் இந்த முறை இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. பொதுத் தொலைபேசி வரட்டும் என்று காத்திராமல், கோபுரம் எங்கே போகிறதோ அங்கெல்லாம் தங்கள் தொடர்பையும் கொண்டு போனார்கள்.

1960, 70களில் கண்ட்ரோல் ரூமுக்குக் கணினி வந்தது. தொலைவிலிருந்தே நிலையங்களைக் கண்காணித்து இயக்கும் ஸ்கேடா அமைப்பு ஒவ்வொரு நிலையத்தையும் வரிசையாகக் கூப்பிட்டு, மின்பாதையைத் துண்டிக்கும் பிரேக்கர் திறந்திருக்கிறதா, மின்னழுத்தம் எவ்வளவு என்று கேட்கும். விநாடிக்கு 1200 பிட் வேகம் அதற்குப் போதுமானதாக இருந்தது. 1979இல் மாட்பஸ், 1990களில் டி.என்.பி.3, ஐ.இ.சி. 101, அப்புறம் ஐ.பி. நெட்வொர்க்கில் ஓடும் ஐ.இ.சி. 104 என்று கருவிகள் தமக்குள் பேசும் மொழிகள் வந்தன. இவை எல்லாமே தனிக் கம்பியில், தெரிந்தவர்களுக்குள் மட்டும் பேசும் காலத்து மனநிலையில் பிறந்தவை. கட்டளை அனுப்புவது யார் என்று சரிபார்க்கும் வழக்கம் அவற்றில் ஆரம்பத்தில் இல்லை. இதன் விலை பின்னால் தெரிந்தது, அதற்கு வருகிறேன்.

அடுத்து வந்த பெரிய மாற்றம் ஃபைபர். கோபுரங்களின் உச்சியில் இடியைத் தாங்க ஓடும் எர்த் கம்பிக்குள்ளேயே கண்ணாடி இழைகளை வைத்தார்கள். ஃபைபர் என்றதும் எல்லோரும் வேகத்தையே பேசுவார்கள். மின் நிலையத்துக்கு அதன் உண்மையான அருமை வேறு. பழுது ஏற்படும் கணத்தில் நிலையத்தின் தரைமட்ட மின்னழுத்தமே சில ஆயிரம் வோல்ட் வரை எழும்பக்கூடும். அப்போது வெளியிலிருந்து வரும் செம்புத் தொலைபேசிக் கம்பி, கருவியையும் அதைத் தொடும் மனிதரையும் ஆபத்தில் தள்ளும். உலோகம் கலக்காத ஃபைபருக்கு அந்தக் கவலையே இல்லை.

அந்த ஃபைபரின் மேல் எஸ்.டி.எச். என்ற முறை நீண்ட காலம் ஓடியது. அதில் ஒவ்வொரு சேவைக்கும் நிரந்தரமான நேரத்துண்டு உண்டு. தாமதம் கடிகாரம்போல் மாறாமல் இருக்கும். இன்று அந்தக் கருவிகளுக்கு உதிரி பாகம் கிடைப்பதே சிரமம். அதனால் தரவைச் சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பும் எம்.பி.எல்.எஸ். போன்ற பாக்கெட் நெட்வொர்க்குக்கு மாறுகிறார்கள். மாறித்தான் ஆகவேண்டும், சரி. ஆனால் எப்படி மாறுகிறோம் என்பதில் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீண்ட மின்பாதை ஒன்றின் இரு முனைகளிலும் டிஃபரென்ஷியல் ரிலே என்ற பாதுகாப்புக் கருவி இருக்கும். இரண்டும் தங்கள் பக்க மின்னோட்டத்தை அளந்து மற்றதற்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இங்கே நுழைந்ததும் அங்கே வெளியேறியதும் ஒன்றாக இருந்தால் பாதை நலம். வித்தியாசம் வந்தால் நடுவில் பழுது என்று பிரேக்கரைத் திறந்துவிடும். இரண்டு அளவுகளும் ஒரே கணத்தில் எடுத்தவையாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு சரிவரும். அதற்காக ரிலே ஒரு செய்தியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளந்து, அதில் பாதிதான் ஒருவழித் தாமதம் என்று எடுத்துக்கொள்கிறது. போக்கும் வரவும் ஒரே அளவு நேரம் எடுக்கும் என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது.

பாக்கெட் நெட்வொர்க்கில் அந்த நம்பிக்கை எளிதில் உடையும். போகும் வழி ஒரு பக்கமும் வரும் வழி வேறு பக்கமும் அமைந்துவிடலாம். போக 2 மில்லி விநாடி, வர 6 மில்லி விநாடி ஆகிறது என்று வையுங்கள். ரிலே இரண்டையும் 4 என்று கணக்கிடும். பிழை 2 மில்லி விநாடி. 50 ஹெர்ட்ஸில் ஒரு மில்லி விநாடி என்பது 18 டிகிரி, ஆக 36 டிகிரி விலகல். ஒரு பழுதும் இல்லாத பாதையில், ஓடும் மின்னோட்டத்தில் 60 சதவீதத்துக்கு மேல் 'காணாமல் போனதாக' ரிலேவுக்குத் தோன்றும். சுமை ஏறிய நேரமாக இருந்தால், நல்ல பாதையைத் துண்டித்துவிடக்கூடிய அளவு அது. ஜி.பி.எஸ். நேரத்தை வைத்து இதைச் சரிக்கட்டலாம். அப்போது பாதுகாப்பு முழுதும் செயற்கைக்கோள் சிக்னலை நம்பியிருக்கும், அது தடைபட்டால் என்ன செய்வது என்றும் திட்டமிட வேண்டும். இரு திசையையும் ஒரே பாதையில் கட்டி, வழி மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும்படி அமைப்பதுதான் என் முதல் விருப்பம். சராசரித் தாமதத்தை மட்டும் காட்டும் சோதனை அறிக்கையைப் பாதுகாப்புப் பொறியாளர்கள் ஏற்கக் கூடாது. ஒவ்வொரு திசையிலும் தனித்தனியாக அளந்து கேளுங்கள். வழி மாறும் அந்தக் கணத்தில் அளந்தும் கேளுங்கள்.

துணைமின் நிலையத்துக்கு உள்ளேயும் இதே கதைதான். 2003 முதல் வெளிவரத் தொடங்கிய ஐ.இ.சி. 61850 தரம், ரிலேக்களை ஈதர்நெட்டில் பேச வைத்தது. பிரேக்கரைத் திற என்ற அவசரச் செய்திக்கு அது தரும் கெடு சுமார் 3 மில்லி விநாடி. கட்டுக்கட்டான செம்பு ஒயர்களின் இடத்தை ஃபைபர் பிடிக்கிறது. அங்கே இருக்கும் ஈதர்நெட் சுவிட்சை அலுவலக நெட்வொர்க் சாதனம்போல நடத்தி, கேட்காமல் கொள்ளாமல் மென்பொருளைப் புதுப்பித்து ரீஸ்டார்ட் செய்வது, ரிலேயைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

வீடுகளின் மின் மீட்டர் பக்கம் நிலைமை கொஞ்சம் எளிது. இத்தாலியில் 2001இல் தொடங்கி, சில ஆண்டுகளில் சுமார் 3 கோடி மீட்டர்களை மின்கம்பி வழியாகவே பேச வைத்தார்கள். இன்று மீட்டருக்கு மீட்டர் செய்தியைக் கடத்தும் ரேடியோ மெஷ், மொபைல் நெட்வொர்க்கில் ஓடும் என்.பி. ஐ.ஓ.டி. என்று பல வழிகள். 15 நிமிடத்துக்கு ஒரு அளவு என்றாலும் ஒரு மீட்டருக்கு நாளுக்கு 96 பதிவுகள்தான். தாமதமானாலும் குடி முழுகாது. சிக்கல் வருவது மின்தடையின்போது. ஒரு வட்டாரமே அணையும்போது ஆயிரக்கணக்கான மீட்டர்கள் ஒரே கணத்தில் தங்கள் கடைசிச் செய்தியை அனுப்பப் பார்க்கும், மின்சாரம் வந்ததும் எல்லாம் ஒன்றாக உள்ளே நுழைய முட்டி மோதும். அந்தக் கூட்ட நெரிசலுக்குத்தான் வடிவமைக்க வேண்டும். சாதாரண நாளின் சராசரியை வைத்து வடிவமைத்தவை அன்று ஊமையாகிவிடும்.

இப்போது அந்தப் பழைய மொழிகளின் விலை. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று பகிர்மான நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், தொலைவிலிருந்தே பிரேக்கர்களைத் திறந்தார்கள். சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. துணைமின் நிலையங்களில் பழைய சீரியல் கருவிகளை நெட்வொர்க்கோடு இணைக்கும் சிறு கன்வெர்ட்டர்களின் மென்பொருளையும் அவர்கள் அழித்தார்கள். அதனால் கண்ட்ரோல் ரூமிலிருந்து திரும்ப மூடும் கட்டளையை அனுப்ப வழியில்லாமல் போனது. புகார் எண்ணையும் போலி அழைப்புகளால் அடைத்தார்கள். ஊழியர்கள் நேரில் போய்க் கையால் இயக்கியதால் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. அடுத்த ஆண்டு கீவ் நகரைத் தாக்கிய மென்பொருளுக்கு, ஐ.இ.சி. 104இலும் 61850இலும் தானே பேசத் தெரிந்தது. கையால் இயக்கும் பயிற்சியை "இனி எல்லாம் ஆட்டோமேஷன்" என்று கைவிடும் நிறுவனங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கள ஆய்வுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறைகள் புது விஷயங்களே அல்ல. வரைபடத்தில் இரண்டு தனி வழிகள் இருக்கும். நேரில் போனால் கடைசி சில நூறு மீட்டர் இரண்டு கேபிளும் ஒரே குழிக்குள் ஓடும். ஒரு மண்வெட்டும் இயந்திரம் போதும். பிரதான கருவிகள் பேட்டரி வங்கியில் இருக்க, பிற்பாடு சேர்த்த ரவுட்டர் மட்டும் சாதாரண சுவர் பிளக்கில் இருக்கும். பேட்டரியை நிறுவிய நாளில் சோதித்த தாள் கோப்பில் இருக்கும், அதற்குப் பிந்தையது இருக்காது.

பொது மொபைல் நெட்வொர்க்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீட்டருக்கும், துணைமின் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் ஃபீடர் பாதையில் இருக்கும் பல சுவிட்சுகளுக்கும் அது போதும். ஆனால் மொத்தமாக இருண்ட மின்கட்டமைப்பை மறுபடி எழுப்பத் தேவைப்படும் நிலையங்களை அதை மட்டும் நம்பி விடக்கூடாது. ஜெர்மனியில் 2021இல் 450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மின்சாரம் போன்ற அத்தியாவசியக் கட்டமைப்புகளுக்கென்றே ஒதுக்கினார்கள். அந்த நெட்வொர்க்கை, மின்சாரம் இல்லாமல் 72 மணி நேரம் தாங்கும்படி வடிவமைத்தார்கள். எல்லா நாட்டிலும் இப்படி அலைவரிசை கிடைக்காது. ஆனால் அந்த மணிக்கணக்கை முன்கூட்டியே எழுதி வைப்பதை எந்த நிறுவனமும் செய்யலாம். அடுத்த டெண்டரில் வேகத்துக்கான வரிக்கு முன்னால், எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்ற வரி வரட்டும். கருவியை ஏற்றுக்கொள்ளும் முன், வெளி மின்சாரத்தை உண்மையாகவே நிறுத்தி, முழுச் சுமையில் அத்தனை மணி நேரமும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே சோதனையைத் திரும்பச் செய்யும் பொறுப்பு யாருடையது என்பதும் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.