குதிரைத்திறன் இருக்கட்டும், முதலில் சக்கரத்தைக் கழற்றுங்கள்

பழைய கார்களைப் பிரித்துச் சரிசெய்து மாட்டுவது என் தொழில். சில மாதங்களுக்கு முன், பழைய கார் ஒன்று வாங்க நினைத்த ஒருவர் ஒரு தாளோடு வந்தார். ஒரு பக்கம் 1963 செவ்ரோலே கார்வெட் ஸ்டிங் ரே, மறுபக்கம் ஜாகுவார் இ-டைப் 3.8. "கார்வெட் 300 குதிரைத்திறன், ஜாகுவார் 265. இதில் யோசிக்க என்ன சார் இருக்கு?" என்றார்.

நிறைய இருக்கிறது. அந்த 300, சைலன்சர், ஃபேன், ஏர் ஃபில்டர் போன்றவை இல்லாமல் இன்ஜினைத் தனியாக மேடையில் ஓடவிட்டு எடுத்த கணக்கு. கிராஸ் என்பார்கள். எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் நெட் கணக்குக்கு அமெரிக்க நிறுவனங்கள் 1972இல் மாறின. கார்வெட்டின் அடிப்படை 5.7 லிட்டர் இன்ஜினுக்கு 1971இல் 270 என்று போட்டிருந்தார்கள். 1972இல் அதுவே 200. இன்ஜின் இளைக்கவில்லை, தராசு மாறிவிட்டது. அறுபதுகளின் காரை எண்பதுகளின் காரோடு ஒப்பிடுகிறவர்கள் ஏமாறும் இடம் இது.

ஜாகுவாரின் 265-உம் கிராஸ்தான் என்பதால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் எடையையும் சேர்க்க வேண்டும். ஜாகுவார் சுமார் 1,200 கிலோ, கார்வெட் சுமார் 1,400. டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தாளில் தெரிந்த 35 குதிரை அங்கேயே கரைந்துவிடுகிறது.

என் கவலை நிறுத்துவதைப் பற்றியது. 1963 கார்வெட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து லைனிங் அழுத்தி நிறுத்தும். சுழலும் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் வந்தது 1965 மாடலில். நீண்ட இறக்கத்தில் விடாமல் மிதித்தால் டிரம் சூடாகி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு அந்த மாடலில் பிரேக் ஆயில் போக ஒரே சர்க்யூட். ஒரு பழைய ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஜாகுவாரில் 1961இலேயே நான்கும் டிஸ்க். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி.

அதனால் ஜாகுவார்தான் பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் பின்பக்க டிஸ்க்குகள் சக்கரத்தருகே இல்லை, உள்ளே, இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. பிரேக்கின் சூடு, அதிலிருந்து ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை நேராகத் தாக்கும். அவர் பார்த்துவைத்திருந்த ஜாகுவாரைத் தூக்கி டார்ச் அடித்தேன். இடது டிஸ்க்கின் ஓரம் கருப்பாக மினுமினுத்தது. விரலால் தொட்டு முகர்ந்தால் கியர் ஆயில் வாடை. பேட் முழுக்க ஊறியிருந்தது. சீல் என்னவோ சின்னச் சாமான்தான். ஆனால் ஒழுங்காகச் சரிசெய்ய பின்பக்க சஸ்பென்ஷன் மொத்தத்தையும் அதைத் தாங்கும் சப்ஃபிரேம் சட்டத்தோடு கீழே இறக்க வேண்டியிருக்கும். விளம்பரத்தில் இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: வண்டி நின்றிருக்கும்போது பெடலை அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓடாமல் நிற்கிற வண்டியிலும் அது கெடும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

கார்வெட்டில் டிரம்கள் நன்றாகவே இருந்தன. டயரின் பட்டன்களும் புதிது போல ஆழமாக இருந்தன. அதைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். பக்கச்சுவரில் தூசியைத் துடைத்துக் கடைசி நான்கு எண்களைக் காட்டினேன்: 1706. 2006ஆம் ஆண்டின் 17வது வாரம் செய்த டயர். நகத்தால் அழுத்தினேன், ரப்பர் அமுங்கவே இல்லை. பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. நான்கு டயரையும் மாற்றும்வரை அந்தக் காரை வேகமாக ஓட்டிப் பார்க்க நான் சம்மதிக்கவில்லை.