எலியும் ஒரு காலத்தில் 'டியர்'தான்

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் எட்கர் பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக வேடமிட்டுத் திரிகிறான். ஏழு வருடமாக எலியும் சுண்டெலியும் 'அவை போன்ற சிறு டியர்களும்'தான் தன் சாப்பாடு என்று புலம்புகிறான். இன்று மானைக் குறிக்கும் 'டியர்' (deer) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எலியோடு என்ன வேலை? அது பழைய கதைப்பாட்டு ஒன்றை ஒட்டி வந்த வரி. சொல்லின் பழைய பொருள் அதில் தங்கிவிட்டது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் 'டேயோர்'. அதற்கு விலங்கு என்று பொருள், அதிலும் முக்கியமாகக் காட்டு விலங்கு. ஓநாயும் நரியும் அதில் அடக்கம். ஜெர்மனில் 'டீர்', ஸ்வீடிஷில் 'யூர்' என்று அதன் உடன்பிறப்புகள் இன்றும் விலங்கையே குறிக்கின்றன. மூச்சுவிடுதலைச் சொல்லும் ஒரு தொன்மையான வேரிலிருந்து இது வந்திருக்கலாம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. லத்தீனின் 'அனிமல்' என்பதும் மூச்சிலிருந்து பிறந்த சொல்தான்.

பிறகு ஏன் அது மானாகச் சுருங்கியது? 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்களுடைய பிரெஞ்சிலிருந்து 'பீஸ்ட்' வந்து, விலங்கு என்ற பொதுப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டது. ('அனிமல்' பரவியது வெகு பின்னால், 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில்கூட அது இல்லை.) ஆனால் இடம் பறிபோன சொல் அப்படியே செத்துப்போயிருக்கலாமே, மானில் போய் ஏன் ஒட்டியது? என் பார்வையில் விடை வேட்டையில் இருக்கிறது. நார்மன் மன்னர் வில்லியம் வேட்டைக்கென்றே காடுகளை ஒதுக்கினார். மானைக் கொன்றவனின் கண்ணைப் பறிக்கச் சட்டம் போட்டார். ஆண் மான்களைப் பெற்ற தகப்பன் போல நேசித்தார் என்று 1087ஆம் ஆண்டுக் குறிப்பில் ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் என்ற பழைய ஆங்கில வரலாற்றுக் குறிப்பேடு எழுதுகிறது. வேட்டைக்காரர்கள் 'விலங்கு' என்று சொல்லும்போதெல்லாம் நினைப்பது மானைத்தான் என்றால், அடுத்த தலைமுறைக்கு அந்தச் சொல்லே மானாகிவிடும்.

நமக்கு நெருக்கமான இன்னொரு சாட்சியும் உண்டு. சமஸ்கிருத 'ம்ருக' முதலில் காட்டு விலங்கையே குறித்தது. ரிக் வேதத்தில் யானைக்குப் பெயர் 'கையுள்ள ம்ருகம்'. அப்புறம் அங்கேயும் அது மானாகச் சுருங்கியது. வேட்டைக்கு அங்கே பெயர் 'ம்ருகயா' என்பதைக் கவனியுங்கள். தமிழுக்கு வந்த 'மிருகம்' மட்டும் பழைய அகலத்தோடு நிற்கிறது.

இப்படிச் சுருங்கியவை ஆங்கிலத்தில் நிறைய. இன்று வேட்டைநாயைச் சொல்லும் 'ஹவுண்ட்' எந்த நாயையும், கோழி போன்றவற்றைச் சொல்லும் 'ஃபவுல்' எந்தப் பறவையையும், இறைச்சியைச் சொல்லும் 'மீட்' எந்த உணவையும் முன்பு குறித்த சொற்கள். 'ஸ்டார்வ்' என்றால் வெறுமனே சாவது. பட்டினி அப்புறம் வந்து சேர்ந்தது.

'டியர்' பொருளைத்தான் மாற்றியது, இலக்கணத்தை விடவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது பன்மை விகுதி ஏற்காத வகைச் சொல். 'ஷீப்' என்பதும் அதே வகை. அதனால்தான் ஒரு மானுக்கும் நூறு மானுக்கும் இன்றுவரை ஒரே சொல். 'வில்டர்னஸ்' என்ற சொல்லைப் பிரித்தாலும் நடுவில் இதே 'டேயோர்' இருக்கும்: காட்டு விலங்குகள் வாழும் இடம்.