புகையில்லாத கங்குதான் ஆளை முடிக்கிறது

குளிர் தொடங்கினால் போதும், மலையூர்களிலிருந்து அதே செய்தி வந்துவிடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள், காலையில் எழவில்லை, மூலையில் கரிச் சட்டி. எத்தனை தடவைதான் சொல்வது?

சேலத்திலிருந்து ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு இன்றைக்கு ஏற்காட்டில் ஒரு காட்டேஜ், அது முடிந்தால் கொல்லிமலையில் ஒரு வீடு என்று வருஷம் பூராவும் வண்டியோடு அலைகிற கான்ட்ராக்டர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும்தான் இது. பூச்சும் சென்ட்ரிங்கும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை முடிந்து படுக்கிற இடம்தான் பிரச்சினை.

அந்த இடம் பெரும்பாலும் தகர ஷெட். இல்லையென்றால் டாடா ஏஸின் மூடிய பின்பெட்டி, அதுவும் இல்லையென்றால் ஈரம் காயாத புது ரூம், ஜன்னல் ஓட்டையில் தார்ப்பாய். அடிவாரத்தில் வெறும் உடம்போடு படுத்துப் பழகியவர் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததும் ராத்திரி நடுங்குகிறார். சாந்துச் சட்டி ஒன்றைக் கழுவி, கரியைக் கொட்டி, வெளியே பற்றவைத்து, புகை அடங்கியதும் உள்ளே தூக்கி வருகிறார்கள்.

கேட்டால், "புகையே இல்லீங்க, வெறுங் கங்குதானுங்க." இதைக் கேட்கும்போதுதான் எரிச்சல் தலைக்கேறுகிறது. புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், தூங்குகிறவர்கூட எழுந்து வெளியே ஓடுவார். புகை நம்மை எழுப்பிவிடும். கொல்வது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசமில்லை, தொண்டையில் உறுத்தவும் செய்யாது. சட்டியை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். கரி நன்றாகப் பிடித்ததும் மேலே நீல நிறத்தில் சின்னச் சின்னச் சுடர் ஆடும். அந்த வாயு எரிகிற சுடர்தான் அது. சுடர் அடங்கி, சாம்பல் போர்த்தி, உள்ளே சிவப்பு மட்டும் தெரிகிறபோது வாயு எரியாமல் அப்படியே வெளியே வருகிறது. நம் ஆட்கள் "இப்பத்தான் பதம்" என்று உள்ளே கொண்டுவருவது சரியாக அந்த நேரத்தில். சூடு நிற்கட்டும் என்று மேலே இன்னும் கொஞ்சம் சாம்பல் தூவுவது அதைவிட மோசம்.

10-க்கு 12 அடி, 8 அடி உயரத்தில் ஒரு ஷெட். காற்றுப் புகாமல் அடைத்திருந்தால் 100 கிராம் கரியே போதும், வாயு 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) தொட்டுவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைவலி. 1,600 பிபிஎம் ஆனால் ஒரு மணி நேரத்தில் உயிரே போகலாம். சட்டியில் விழுகிற கரியோ கிலோவுக்குக் குறையாது. ஏஸ் பெட்டி அந்த ஷெட்டில் கால்வாசிகூட இல்லை. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் குண்டான் தண்ணீர் வைப்பது வீண், இந்த வாயு தண்ணீரில் கரைவதே அபூர்வம். மேலே படுத்தாலும் கீழே படுத்தாலும் ஒன்றுதான், அறை பூராவும் கலந்துவிடும். ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்ததாகச் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிர் தாங்காமல் யாராவது ஒருவர் எழுந்து அதையும் சாத்துவார்.

தலைவலி, குமட்டல் வந்தால் "மலை ஒத்துக்கலை" என்று ஒரு மாத்திரை போட்டுப் படுக்கவைக்கிறார்கள். உயரத்தால் வருகிற உபாதை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான். ஏற்காடு 1,500 சொச்சம். ஒரே ஷெட்டில் படுத்த எல்லோருக்கும் காலையில் ஒரே மாதிரி தலைவலி, வெளியே நின்றால் தெளிகிறது என்றால் காரணம் மலை இல்லை. விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டரையும் நம்பாதீர்கள். அது இந்த வாயுவையும் ஆக்ஸிஜன் என்றே எண்ணி 98 காட்டும்.

ஜெனரேட்டரும் இதே கதைதான். மழை என்று வராந்தாவுக்குள் இழுக்காதீர்கள். படுக்கிற இடத்திலிருந்து 20 அடியாவது தள்ளி, நாலு பக்கமும் திறந்த தகரக் கூரையின் கீழே, சைலன்சர் எதிர்த் திசையில். ஏஸ் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. பூச்சு காயவைக்கக் கங்கு போட்ட ரூமில் அன்றைக்கு யாரும் படுக்கக் கூடாது.

குளிருக்கு என்ன செய்வது? உடம்புச் சூட்டை முதலில் உறிஞ்சுவது தரை. நாலு அங்குல சாலிட் பிளாக்கை அடுக்கி, மேலே சென்ட்ரிங் பிளைவுட், அதன் மேல் இரண்டு மடிப்புச் சாக்கு, பிறகு பாய். ஆளுக்கு இரண்டு கம்பளி. வெளி அடுப்பில் வெந்நீர் போட்டு, பாட்டிலில் ஊற்றிச் சாக்கு சுற்றிக் காலடியில் வைத்தால் பாதி ராத்திரி தாங்கும். எதிரெதிர்த் தகரத்தில் 9 அங்குல ஓட்டை வெட்டி வலை அடியுங்கள், அடைக்க விடாதீர்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தலைமாட்டு உயரத்தில். புகை அலாரம் வேறு, கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். தங்க இடமும் தனிச் சமையல் இடமும் காசு வாங்காமல் தரவேண்டியது வேலை கொடுப்பவர் பொறுப்பு என்று 1996-லேயே கட்டடத் தொழிலாளர் சட்டம் எழுதி வைத்தது. எஸ்டிமேட்டில் கம்பளிக்கு ஒரு வரி போடத் தயங்காதீர்கள்.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து, ஆளை வெளியே இழுத்துப் போட்டு, 108-க்குச் சொல்லுங்கள். "கரி மூட்டின ரூம்" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். சும்மா காற்றில் ரத்தத்திலுள்ள வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம். முகமூடியில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதனால் காரில் போட்டு வளைவு வளைவாகச் சேலத்துக்கு இறக்குவதைவிட, மலையிலேயே ஆக்ஸிஜன் தொடங்குவது முக்கியம். தெளிந்து எழுந்தவரையும் டாக்டர் பார்க்கட்டும், அன்றைக்குச் சாரத்தில் ஏற்ற வேண்டாம்.

மேஸ்திரி அண்ணே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சாயங்காலம் சாந்துச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்க்கும்போது ஒரு எண்ணு எண்ணிவிடுங்கள். ஒன்று குறைந்தால் ஷெட்டுக்குள் போய்ப் பாருங்கள்.