காயிலை மாற்றுவதற்கு முன் அந்தக் குழிக்குள் எட்டிப் பாருங்கள்

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியவர் இறங்கும்போதே கேட்டார்: "டர்போ போய்விட்டதாம், மாற்ற எத்தனை நாள் ஆகும்?" 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் கார், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ வைத்தது. பின் இருக்கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் கழற்றிப்போட்ட காயில்கள் ஐந்து, பிளக்குகள் நான்கு. (சிலிண்டருக்குள் பொறி விடுவது பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுப்பது காயில்.) இந்த மாதத்தில் இப்படிப் பெட்டியோடு வந்த நான்காவது ஆள் இவர். அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். வார்த்தை கொஞ்சம் காரமாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை இதுதான். ஐந்து மாதத்துக்கு முன் வண்டி மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியிருக்கிறது, அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் திக்கித் திக்கி ஓடியிருக்கிறது. வண்டியின் கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியிருக்கிறார்கள், பி0303 (மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்) என்று வந்திருக்கிறது. உடனே மூன்றாவது சிலிண்டரின் காயிலை மாற்றிவிட்டார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. இரண்டாவது இடத்தில் நான்கு காயில்களையும் நான்கு பிளக்குகளையும் மொத்தமாக மாற்றினார்கள். அதன் பிறகு மேடு ஏறும்போதெல்லாம் வண்டி திக்கத் தொடங்கியது. மூன்றாவது இடத்தில் டர்போவின் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பி0303 என்றால் மூன்றாவது காயில் பழுது என்று யார் சொன்னது? ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது எரிந்து, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டை ஒரு தள்ளு தள்ள வேண்டும். மூன்றாவதன் முறை வந்தபோது அந்தத் தள்ளு வரவில்லை, ஷாஃப்டின் வேகம் ஒரு நொடியின் சிறு துளி நேரம் குறைந்தது. சென்சார் கண்டது அவ்வளவுதான். அது காயிலைப் பார்க்கவில்லை, பிளக்கைப் பார்க்கவில்லை. பிளக் விரிசல் விட்டிருந்தாலும், இன்ஜெக்டர் அடைத்திருந்தாலும், வால்வு சரியாக மூடாவிட்டாலும், காயிலுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தாலும் அதே பி0303தான் வரும். காயிலின் மின்சுற்றில் கோளாறு என்றால் சொல்வதற்கென்றே பி0351 முதல் வேறு வரிசைக் குறியீடுகள் இருக்கின்றன. எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாதபோது பி0300 வரும். வயிற்று வலி என்று போனவரிடம் எதையும் கேட்காமல் குடல்வாலை அறுத்தெடுக்கும் மருத்துவரை ஒப்புக்கொள்வீர்களா?

காயில் மேல் சந்தேகம் என்றால் ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டி என்றால், மூன்றாவதை ஒன்றாவதிலும் ஒன்றாவதை மூன்றாவதிலும் மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0301 வந்தால் காயில்தான். பி0303 அப்படியே நின்றால் காயில் நிரபராதி, அடுத்ததாகப் பிளக்கை இடம் மாற்றுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் புதுப் பாகத்தின் உறையைப் பிரிப்பவரை நான் மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன்.

இந்த வண்டியில் அந்தச் சோதனைகூடத் தேவைப்படவில்லை. மூன்றாவது காயிலை உருவிப் பார்த்தால், பிளக்கின் மேல் மாட்டும் அதன் ரப்பர் பூட் ஊறி உப்பியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பிளக் குழிக்குள் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு எஞ்சின் ஆயில். எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் ஆயிலைத் தடுத்து நிற்கும் டேப்பட் கவர் பேக்கிங் காய்ந்து இறுகி, ஆயிலைக் கசியவிட்டிருக்கிறது. பெட்டியிலிருந்த பழைய பிளக்குகளைத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு கிழித்ததுபோல ஒரு கறுப்பு இழை. உள்ளே போக வேண்டிய மின்சாரம் வெளிப்பக்கமாக ஓடிய தடம் அது. புதுக் காயில் ஒரு மாதம் உழைத்ததன் ரகசியமும் இதுதான்: ஆயில் மறுபடி நிரம்ப அவ்வளவு நாள் ஆனது.

அடுத்த கூத்து புதுப் பிளக்குகள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால், பொறி தாண்டும் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். இந்த எஞ்சினுக்குக் கையேடு சொல்வது 0.7. இதே எஞ்சின் டர்போ இல்லாமலும் வருகிறது, அதன் பிளக் இதிலும் மரையில் அழகாக ஏறிக்கொள்ளும். ஆனால் டர்போ காற்றைத் திணிக்கத் திணிக்க, சிலிண்டருக்குள் நெருக்கம் கூடி, பொறி தாண்டுவது கடினமாகிறது. அதனால் ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) வண்டி பட்டுப்போல ஓடும், மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இருமும். அந்த இருமலைத்தான் டர்போ கோளாறு என்றிருக்கிறார்கள். டர்போ தரும் காற்று ஒரே குழாய் வழியாக நான்கு சிலிண்டருக்கும் போகிறது. அதற்கு மூன்றாவதன் மேல் மட்டும் என்ன பகை? டர்போ தேய்ந்தால் இழுவை குறையும், நீலப் புகை வரும், ஊளைச் சத்தம் கேட்கும். அது வேறு நோய்.

எனவே எங்களிடம் வரும்போது "மிஸ்ஸிங்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது என்று கவனித்துச் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். அழுத்தும்போது மட்டும் என்றால் முதலில் பிளக், காயில், டர்போ ஹோஸ். ஹோஸில் விழுந்த கிழிசல் சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டிருக்கும், அழுத்தம் ஏறினால்தான் வாய் பிளக்கும். புகை விட்டுச் சோதித்தால் அகப்படும். ஐடிலில் மட்டும் என்றால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது: ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம் (கணினி கூட்டிக் கொடுக்கும் பெட்ரோல்) ஐடிலில் 20 சதவீதத்துக்கு மேல் நின்று, எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது இறங்கிவிட்டால் ஏறக்குறைய உறுதி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் திக்கி, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். கூலன்ட்டைச் சிலிண்டருக்குள் கசியவிடும் ஹெட் பேக்கிங்காக இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் அடங்கவில்லை என்றால் கம்ப்ரெஷன் பாருங்கள், அதாவது அந்தச் சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று. பழைய எஞ்சினில் இதைக் கடைசி வரை தள்ளிவைப்பது எங்கள் தொழிலில் உள்ளவர்களின் சோம்பேறித்தனம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்கு வரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள், ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். "வீடு வரைக்கும்தானே" என்று ஓட்டிவந்தவர்கள் அதையும் சேர்த்து மாற்றியிருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது காயிலைக் கையால் பிடுங்கிச் சோதிக்கும் வீரமும் வேண்டாம், அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். பிளக்கைக் கழற்றுவதானால் எஞ்சின் ஆறட்டும், அலுமினிய ஹெட்டின் மரை சூட்டில் பிய்ந்து வரும். கழற்றுமுன் குழியைக் காற்றால் ஊதுங்கள், மண் உள்ளே விழக்கூடாது. கீழே விழுந்த பிளக்கைத் துடைத்துப் போடாதீர்கள்.

டேப்பட் கவர் பேக்கிங், சரியான பிளக் நான்கு, ஒரு ரப்பர் பூட். ஒரு மதியத்தில் வேலை முடிந்தது. உரிமையாளரை ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் மூன்றாவது கியரில் இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன், திக்கவில்லை. பெட்டியிலிருந்த ஐந்து காயில்களையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். மூன்றுக்கு ஒரு குறையும் இல்லை. மற்ற இரண்டில் பூட்தான் ஊறியிருந்தது, அதை மாற்றியதும் அவையும் பொறி விட்டன. அவர் எதுவும் பேசாமல் பெட்டியை மூடி டிக்கியில் வைத்துக்கொண்டார்.